பாகலூர் ரோட்டில் நான் சொல்லாமல் விட்ட கிணறு

நில அளவைப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் ஓசூர் பாகலூர் ரோட்டைப் பற்றி எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். இருபத்தாறு வருடம் அந்த ரோட்டை அளந்தவன் என்பதால் கேட்டிருப்பார்கள். எழுதுகிறேன். ஆனால் அந்த ரோட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால், என்னோடு வேலை பார்த்த இசக்கியம்மாள் என்ற சர்வேயரைப் பார்த்து நான் வயிறெரிந்த கதையும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை. சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்று பார்க்கும் பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்களும் டிப்பர் லாரிகளும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகின்றன. நான் வேலைக்கு வந்தபோது மதியம் பன்னிரண்டு மணிக்கு அதன் நடுவில் அளவுச் சங்கிலியை நீட்டிப் போட்டு நிதானமாக அளக்கலாம். எப்போதாவது ஒரு பஸ் வந்தால் டிரைவரே நிறுத்தி, சங்கிலியை எடுக்கும்வரை காத்திருப்பார். இன்று பைக் ஷோரூம் இருக்கும் இடத்தில் அப்போது சினிமாக் கொட்டகை. கொட்டகை கல்யாண மண்டபமாகி, மண்டபம் ஷோரூமானது. சுவர்கள் மட்டும் அவையேதான். பின்பக்கம் போய்ப் பார்த்தால் படம் ஓட்டும் அறையின் சதுர ஓட்டைகளை செங்கல் வைத்து அடைத்திருப்பது தெரியும். அதைத் தாண்டினால் பட்டுக்கூடு வைத்திருந்த கிடங்கு. இப்போது அதில் பதினோரு லேத் பட்டறைகள் இருக்கின்றன. அதற்கும் அப்பால் வேப்பமரமும் அரசமரமும் பின்னிக்கொண்ட மேடை, அதன் கீழே பூக்காரர்கள். கன்னட எண் வெட்டிய மைல் கல் ஒன்று மருந்துக்கடைப் படிக்கட்டில் ஒரு படியாகவே ஆகிவிட்டது. மருந்து வாங்க வருகிறவர்கள் அதை மிதித்துத்தான் ஏறுகிறார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமை எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த நாலாவது மாதம், கிடங்குக்குப் பக்கத்து மனை ஒன்றை அளந்து கொடுத்தேன். மூலைக்கல் யாரோ நகர்த்தி வைத்தது என்று தெரியாமல் அதிலிருந்தே பிடித்துவிட்டேன். ஐந்தடி தள்ளிப்போய்விட்டது. மனைக்காரர் கூட்டத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு தெலுங்கில் என்னைத் திட்டினார். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான் என்பதால் ஒரு வார்த்தைகூட விடாமல் புரிந்தது. அப்போது எதிரே டயர் கடை வைத்திருந்த முனியப்பா என்பவர்தான் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நிஜமான மூலைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டினார். பிறகு தன் கடை வாசலில் ரோட்டோரத்தை விரலால் காட்டி, "அந்த எடத்துல ஒரு பெரிய கெணறு இருக்குது சார்" என்றார்.

"எங்கங்க? தரையாத்தான இருக்குது?"

"சந்தைக்கு வர்ற வண்டி மாடுங்களுக்குத் தண்ணி காட்ட வெட்டுனது. ரோடு போட்டப்ப கல்லுப் பலகைய அடுக்கி மேல மண்ணக் கொட்டிட்டாங்க. கெணத்தத் தூர்க்கல சார். வாய மட்டும் மூடி வெச்சிருக்கறாங்க."

அன்று சாயங்காலம் ஒரு நோட்டு வாங்கி, மூலைக்கல்லையும் கிணற்றையும் அதில் குறித்தேன். அலுவலகத்தில் இருந்த வரைபடத்தில் கிணறு இல்லை. அதில் ஏற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதவில்லை. பத்துப் பேர் முன்னால் பட்ட அவமானத்துக்குப் பிறகு, மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. அதற்குப் பிறகு தெருவில் யார் எதைச் சொன்னாலும் என் நோட்டுக்குள் போனது, அலுவலகக் காகிதத்துக்குப் போகவே இல்லை. நீங்கள் இதைச் செய்யாதீர்கள். தெரு உங்களிடம் சொல்வது உங்கள் சொந்தச் சொத்தல்ல. அன்று சாயங்காலமே பதிவேட்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

என்னுடைய வழியால் எனக்கு லாபம்தான் கிடைத்தது. பாகலூர் ரோட்டில் எந்தத் தகராறு வந்தாலும் "அவரக் கூப்பிடுங்க" என்றார்கள். மேலதிகாரிகள் மாறினார்கள், நான் மாறவில்லை. இருபது வருடம் அப்படி ஓடியது.

பிறகு இசக்கியம்மாள் வந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வயது முப்பத்திரண்டு இருக்கும். கணவருக்கு இங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்ததால் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. முதல் நாள் என் மேசைக்கு வந்து, "சார், இந்த ஊரு ரோடெல்லாம் ஒங்களுக்குத்தான் அத்துப்படின்னு சொல்லுதாக. எனக்கு ஒண்ணும் தெரியாது. தப்புப் பண்ணுனா திட்டிருங்க" என்றார். எனக்குப் பிடித்திருந்தது. இந்த அம்மாவால் எனக்கு ஒரு தொந்தரவும் வராது என்று நினைத்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் நானும் அவரும் அரசமர மேடை வழியாக நடந்து வந்தோம். மேடைக்குக் கீழே பூ விற்கும் நரசம்மா இசக்கியம்மாளைப் பார்த்துச் சிரித்து, இரண்டு முழம் கனகாம்பரத்தைக் கிள்ளி நீட்டினார். இசக்கியம்மாள் அரைகுறைத் தெலுங்கில் ஏதோ சொன்னார். அதிலிருந்த தப்புக்கு வரிசையாக உட்கார்ந்திருந்த பூக்காரர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். இருபது வருடமாக நரசம்மாவிடம் நான் தப்பே இல்லாத தெலுங்கில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு பூகூடக் கொடுத்ததில்லை. ஒரு ஆம்பிளைக்குக் கனகாம்பரம் எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். அன்று எனக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை. நெஞ்சில் ஏதோ கரித்தது.

அதைவிடப் பெரியது அண்ணன் தம்பி தகராறு. ஒரே கட்டடத்தில் ஹார்டுவேர் கடையும் பேக்கரியும் வைத்திருந்த இருவர். நடுச்சுவர் யாருடையது என்பதில் பேச்சு வார்த்தை நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. நான் அளந்து, சுவர் அண்ணனுடையது என்று எழுதிக் கொடுத்தேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணனும் நான் தம்பிக்கு ஒரு அடி விட்டுக்கொடுத்ததாகப் பேசினார். மறு அளவைக்கு இசக்கியம்மாளை அனுப்பினார்கள். நான் டீக்கடையில் நின்று பார்த்தேன். டேப்பின் ஒரு முனையை அண்ணனிடம் கொடுத்தார், மறுமுனையைத் தம்பியிடம் கொடுத்தார். "நீங்களே பிடிங்க. நீங்களே படிச்சுச் சொல்லுங்க. நான் எழுதுதேன்" என்றார். இருவரும் படித்தார்கள். நான் எழுதிய அதே அளவு, அங்குலம் பிசகவில்லை. தம்பி தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குள் போனார். அத்தோடு தகராறு முடிந்தது.

என் அளவு தப்பாக இருந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சரியாக இருந்ததுதான் தாங்கவில்லை. ஒரே எண்ணை நான் சொன்னால் வழக்கு, அவர் சொன்னால் சமாதானம். இன்றைக்கு யோசித்தால் காரணம் விளங்குகிறது. நான் அளக்கும்போது யாரையும் கிட்டே விடமாட்டேன். வேலையைக் கற்றுக்கொள்ள நீங்கள் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் அந்த அம்மாவைப் பாருங்கள். அன்று எனக்கு இது விளங்கவில்லை. "பொம்பளைங்கறதால அடங்கிட்டாங்க" என்று டீக்கடையில் சொன்னேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இதற்கடுத்த வருடம் பாகலூர் ரோட்டை அகலப்படுத்த முடிவானது. வேலை தொடங்கும் முன் ரோட்டில் இருப்பதையெல்லாம் குறித்து ஒரு பெரிய வரைபடம் தயாரிக்கச் சொன்னார்கள். எந்த மரத்தை விடுவது, எந்தக் கல்லை நகர்த்துவது, எந்தக் கட்டடத்துக்கு எத்தனை வயது, பூமிக்கடியில் என்ன போகிறது, எல்லாமே அதில் வரவேண்டும். இருபது வருடமாக நான் காத்திருந்த வேலை. அதிகாரி கூட்டம் போட்டபோது நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

அவர் அந்த வேலையை இசக்கியம்மாளுக்குக் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர்ல போடணும் பாருங்க. அவங்களுக்குத்தான் புது மெஷினும் பழக்கம்" என்றார் என்னிடம். "நீங்க கூட இருந்து சொல்லிக் குடுங்க."

சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஐம்பத்தைந்து வயது ஆள் செய்கிற காரியமா அது என்று அப்போதே தோன்றியது.

இசக்கியம்மாள் மூன்று மாதம் அந்த ரோட்டில் நடந்தார். வெயிலில் முகம் கறுத்துவிட்டது. ஒவ்வொரு கடையிலும் ஏறி, தமிழில் தொடங்கி கன்னடத்திலோ தெலுங்கிலோ தட்டுத் தடுமாறி முடித்து, விவரம் கேட்டு எழுதினார். முனியப்பா அப்போது உயிரோடு இல்லை. டயர் கடை போய் அங்கே செல்போன் கடை வந்திருந்தது, அதில் இருந்தவர்களுக்கு ஊரே புதிது. அப்படியாக, கிணற்றைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது.

வரைபடம் முடியும் தறுவாயில் ஒரு மதியம் அவர் என் மேசைக்கு வந்தார். சுருட்டிய தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, "சார், ஒரு தடவ பாருங்க. மண்ணுக்கடியில குழாய், கேபிள், பழைய சாக்கடை எல்லாம் போட்டுட்டேன். வேற ஏதாவது மறைஞ்சு கெடக்கா? ஒங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றார்.

தாளைப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. சினிமாக் கொட்டகையின் சரித்திரம்கூட ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. கன்னட மைல் கல்லை எப்படியோ கண்டுபிடித்துக் குறித்திருந்தார். அது என் மைல் கல் என்று எனக்குத் தோன்றியது. செல்போன் கடைக்கு முன்னால் ரோட்டோரம் வெறும் வெள்ளையாக இருந்தது. என் விரல் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சி ஒண்ணும் இல்லைங்கம்மா" என்றேன்.

"ரொம்ப சந்தோசம் சார்" என்று சுருட்டிக்கொண்டு போனார்.

வரைபடத்தைச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டினார்கள். கீழே அவர் பெயர். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று தங்கள் கடையைத் தேடிப் பார்த்தார்கள். நான் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தேன்.

வேலை நடந்தது. பழைய ரோட்டோரத்தை மேலாகத் தோண்டி, ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, அதன்மேல் வண்டிகளைத் திருப்பிவிடுவதாக ஏற்பாடு. செல்போன் கடைப் பக்கம் வரும் நாளை நான் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனதில் என்ன இருந்தது என்று உங்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மண் கொஞ்சம் உள்வாங்கும், ஒரு பள்ளம் விழும், வேலை நிற்கும், எல்லாரும் வரைபடத்தைப் பார்ப்பார்கள், அதில் கிணறு இருக்காது. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. யாருக்கும் அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை. அடிபடும் என்று யோசிக்கவும் இல்லை. யோசிக்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அன்று காலை பத்து மணி. எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். ரோலரை ஓட்டியவன் மாதேஷ், பாரூர்க்காரன், இருபத்தேழு வயது. முதல் தடவை போனபோது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது இயந்திரத்தை அதிர வைத்து ஓட்டினான். டீக்கடைப் பெஞ்சு வரைக்கும் அதிர்வு வந்தது. அப்போதுதான் கவனித்தேன். மேடையை மராமத்துக்காக அடைத்துவிட்டதால் நரசம்மாவும் மற்றப் பூக்காரர்களும் கூடைகளோடு செல்போன் கடை வாசலுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றின் விளிம்புக்கு நாலடி தள்ளி.

கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு லாரி என்னை இடிக்காமல் நின்றது தெய்வச் செயல். "லேவண்டி, லேவண்டி" என்று, எழுந்திருக்கச் சொல்லித் தெலுங்கில் பூக்காரர்களைப் பார்த்துக் கத்தினேன். நரசம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "மாதேஷு, குதிடா, கெணறு, கீழ கெணறு" என்றேன். இயந்திரச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. என் கையைப் பார்த்துதான் அவனுக்கு ஏதோ புரிந்தது. எழுந்தான். அந்த நேரம் முன் உருளை அப்படியே கீழே இறங்கியது. அவன் குதித்தான். குதித்த காலின்மேல் ஒரு கல் பலகை புரண்டு விழுந்தது.

பூக்கூடைகள் உள்ளே போய்விட்டன. பெண்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாதேஷின் வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது.

அன்று மதியத்துக்குள் நான் அந்த ரோட்டின் வீரன். நரசம்மா என் கால்களைத் தொட்டுக் கும்பிட்டார். அவர் கையால் ஒரு பூ வாங்க வேண்டும் என்று ஏங்கியவன் நான். அவர் குனிந்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

விசாரணை நடந்தது. இசக்கியம்மாள் நின்றுகொண்டே பதில் சொன்னார். "எல்லார்கிட்டயும் கேட்டேன் சார். சீனியர்கிட்டயும் கேட்டேன். யாருக்கும் தெரியல. ஆனாலும் படம் நான் போட்டது. என் பொறுப்புதான்" என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். நெருக்கடியில் முடிவெடுப்பது என்றால் லாரிக்கு முன்னால் ஓடுவது என்று நினைக்கிறோம். அது கால் தானாகச் செய்கிற வேலை. எனக்கு உண்மையான நெருக்கடி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை, யோசித்துப் பதில் சொல்லத் தேவையான நேரம் இருந்தது.

"எப்பவோ சின்ன வயசுல கேட்டதுங்க சார். ரோலர் அதிர்ந்ததும் திடீர்னு ஞாபகம் வந்துச்சி" என்றேன்.

இசக்கியம்மாள் என்னை நன்றியோடு பார்த்தார்.

அவருக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்தார்கள். அஞ்செட்டி மலைப்பக்கம் மாற்றினார்கள். விடியுமுன் கிளம்பி, தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறிப் போய், இருட்டிய பிறகு திரும்புவார் என்று கேள்விப்பட்டேன். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். எனக்கு ரோடு திரும்பக் கிடைத்தது. ஆனால் நான் போகிற கடையெல்லாம் ஒரே கேள்வி. "அந்தம்மா எப்ப சார் திரும்பி வர்றாங்க?" ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டார், பேக்கரிக்காரர் கேட்டார். ஆளே இல்லாத இடத்தில் அவர் மீது பொறாமைப்பட்டேன். அப்படியும் ஒன்று இருக்கிறது என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

மாதேஷ் எட்டு மாதம் படுக்கையில் இருந்தான். பிறகு நடந்தான், ஆனால் காலை இழுத்துத்தான் நடக்க முடிந்தது. ரோலர் ஓட்ட முடியாது. பாரூரில் தன் மாமனாரின் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டான். மாம்பழ சீசன் வந்ததும் ஒரு கூடை செந்தூராவோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தான். "உயிரக் குடுத்த சாமி நீங்க" என்றான். வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடமும் வந்தான். அதற்கடுத்த வருடமும் வந்தான். என் மனைவி பழத்தை நறுக்கி வைத்தார். அவன் காலை நீட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டபடியே பேசினான்.

"அந்த சர்வேயரம்மாவ நெனச்சாதான் சார் பாவமா இருக்குது."

"ஏன்?"

"நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஏழு தடவ வந்தாங்க. ஒவ்வொரு வாட்டியும், என்னாலதான் தம்பி, மன்னிச்சிரு, நான் இன்னும் நாலு பேருகிட்ட கேட்டிருக்கணும்னு சொல்லி அழுதாங்க. போன மாசங்கூட போன் பண்ணி கால் எப்படி இருக்குதுன்னு கேட்டாங்க. நான் அவங்கள ஒண்ணுமே சொல்லல சார். அவங்களே அவங்கள உட மாட்டேங்கறாங்க."

நான் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருந்தேன், எனக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்த அன்று. மூன்று வருடமாக என்னைத் தின்றுகொண்டிருக்க வேண்டிய ஒன்று அந்த அம்மாவைத் தின்றுகொண்டிருந்தது.

மாதேஷிடம் அன்றே சொன்னேன். எனக்கு முன்பே தெரியும், அவர் கேட்டபோது இல்லை என்றேன், நீ ரோலர் ஏறுவதை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் தட்டைக் கீழே வைத்தான். பிறகு, "என்னாத்துக்கு சார்?" என்று மட்டும் கேட்டான். பொறாமை என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் எழுந்து காலை இழுத்துக்கொண்டே போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். என்மேல் நடவடிக்கை வந்தது. என் பணிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அது இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஓய்வு பெற்ற நாளில் எனக்கு விழா எதுவும் நடக்கவில்லை. அது நியாயம்தான். இசக்கியம்மாள் மேல் இருந்த குற்றச்சாட்டை ரத்து செய்து அவரை மீண்டும் ஓசூருக்கு அழைத்துக்கொண்டார்கள்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒங்களுக்கு மறந்துபோச்சுன்னுதான் சார் இத்தன நாளா நெனச்சிருந்தேன்" என்றார். "நான் தாள விரிச்சுக் காட்டுனேன்லா. அப்ப ஒங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சிம்மா."

"என் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தப்ப நான் மலையில இருந்தேன். ஒங்க லெட்டரால அத மாத்த முடியுமா?"

"முடியாது."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. பிறகு, "வேற எங்கல்லாம் என்னல்லாம் இருக்கு சார்?" என்று கேட்டார். "நோட்ட அலுவலகத்துல குடுத்தாக. பாதி எனக்கு வெளங்கல. ஒங்க கையெழுத்து அப்படி. நேர்ல வந்து காட்டுங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டு முக்குல நிக்கேன்."

நாலு நாள் நடந்தோம். ஓய்வு பெற்ற எனக்கு அவர்தான் குடை கொண்டுவந்தார். மூடிப்போன வாய்க்கால், நகர்த்தப்பட்ட கற்கள், மதகு இருந்த இடம், சுவருக்குள் போன எல்லைத் தூண் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் அளந்தார், படம் எடுத்தார், கேள்வி கேட்டார். வேலையைத் தவிர வேறு ஒரு பேச்சும் இல்லை. போகிற வழியெல்லாம் கடைகளிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். "மேடம் வந்துட்டாங்க" என்று பேக்கரிக்காரர் வெளியே ஓடி வந்தார். நரசம்மா எழுந்து நின்று அவர் கன்னத்தைத் தடவினார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்காததுபோல் உட்கார்ந்துகொண்டார். தெருவுக்குள் செய்தி பரவியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் அந்தப் பழைய கரிப்பும் அப்படியே இருந்தது. இவ்வளவுக்குப் பிறகுமா என்று நீங்கள் கேட்கலாம். இவ்வளவுக்குப் பிறகும்தான்.

நாலாம் நாள் சாயங்காலம் அவர் டேப்பைச் சுருட்டினார். "அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்" என்றேன்.

அவர் தன் ஸ்கூட்டர் பக்கம் போனார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். உண்மையில் ஒன்று பாக்கி இருந்தது. நோட்டிலும் எழுதாதது. ரோட்டின் வடபக்கம் ஒரு டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால், குப்பைக்கும் செடிக்கும் கீழே, தலையில் கூட்டல் குறி வெட்டிய பழைய அளவுக்கல் ஒன்று அசையாமல் இருக்கிறது. அந்த ரோட்டில் இத்தனை வருடம் என் அளவு பிசகாததற்குக் காரணமே அதுதான். சந்தேகம் வந்தால் யாரும் இல்லாத நேரம் பார்த்து அங்கிருந்து ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வேன். இதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் ஆபத்து இல்லை. யாரும் விழமாட்டார்கள். ஒன்றே ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டும் என்று தோன்றியது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "ஏறுங்க" என்றார். ஏறவில்லை. திரும்பி நடந்தேன், பிறகு கொஞ்சம் ஓடினேன். ஸ்கூட்டரை அவர் ஸ்டார்ட் பண்ணியிருந்தார்.

"அம்மா, ஒண்ணு பாக்கி இருக்குதுங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பெட்டியிலிருந்து கருவியை எடுத்தார். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் குனிந்து செடியை விலக்கிக் கையாலேயே மண்ணைத் தள்ளினார். கூட்டல் குறி தெரிந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்த விதத்திலேயே, அது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது எனக்குப் புரிந்தது. கருவியின் முக்காலியை அதன்மேல் நிறுத்திச் சரிசெய்தார். பிறகு தன் அளவுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"எழுதிக்கிடுங்க சார்" என்றார்.

அவர் எண்களைப் படித்தார். உதவியாளர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் சொல்லச் சொல்ல, தெளிவான கையெழுத்தில் எழுதினேன்.